யூலியஸ் சீசரைப் படிப்பது எப்படி? வன்னி வாசகர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

உயர்தரத்தில் ஆங்கில இலக்கியமோ நாடகமும் அரங்கியலுமோ எடுத்த பிள்ளைகள், ஊர் வாசிகசாலையில் கூடி எதையாவது வாசிக்கிறவர்கள், பள்ளிக்கூட மேடைக்குக் கனமான ஒரு நாடகம் தேடுகிற ஆசிரியர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கிளிநொச்சியோ மாங்குளமோ புதுக்குடியிருப்போ, எங்கே இருந்தாலும் சரி, ஷேக்ஸ்பியரின் யூலியஸ் சீசரைப் படிக்க வேண்டியது ஒரு பிரதி, சத்தமாக வாசிக்க நாலைந்து பேர், ஆளுக்கொரு கொப்பி. அவ்வளவுதான். உரைநூல்களைக் கடைசிக்கு வையுங்கள். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்த நாடகம் என்பதால் மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், ஒரு தரம் இறக்கி அச்செடுத்துவிட்டால் கரண்ட் போனாலும் வாசிப்பு நிற்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். இது கொலையைப் பற்றிய நாடகம் என்று நினைத்துப் படிக்கிறவர்கள் பாதியில் சலித்துப்போகிறார்கள், ஏனென்றால் சீசர் மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியிலேயே செத்துவிடுகிறான். கத்தி எடுக்கிற நேரம் மிகக் கொஞ்சம். மற்ற நேரமெல்லாம் யாரோ ஒருவர் இன்னொருவரை எதையோ நம்பவைத்துக்கொண்டிருக்கிறார். யார், யாரை, என்ன சொல்லி நம்பவைக்கிறார் என்பதைப் பின்தொடர்ந்தால் நாடகம் முழுதும் கைக்குள் வந்துவிடும்.

தொடங்குமுன்: முத்திரை குத்த வேண்டாம்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பண்டாரவன்னியன் கதையைச் சொல்லித்தரத் தேவையில்லை. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையிடம் தோற்றதும் சின்ன வயதிலேயே காதில் விழுந்துவிடும். அந்தக் கதை மேடையேறும்போது காட்டிக்கொடுக்கிற காக்கைவன்னியன் வந்து நின்றாலே சபை கொதிக்கும். அந்தப் பழக்கத்தோடு சீசரைத் திறந்தால், சீசரின் நண்பனாயிருந்தும் அவனைக் கொல்கிற சதியில் சேரும் புரூட்டஸைக் கண்டதும் "இவன்தான் காக்கைவன்னியன்" என்று தோன்றும், அல்லது சீசரைச் சர்வாதிகாரி என்று எழுதிவிட்டுப் புரூட்டஸை வீரனாக்கத் தோன்றும். இரண்டும் வேண்டாம். துரோகி என்ற சொல்லின் பாரம் என்ன, அது யார் வாயிலிருந்து வந்தது, பிறகு என்ன நடந்தது என்பதெல்லாம் தெரிந்த மண்ணில் இருந்து படிக்கிறோம். அதனாலேயே அந்தச் சொல்லை நாடகம் முடியும்வரை தள்ளிவைத்துப் படிக்க வேண்டியவர்களும் நாங்கள்தான்.

வரலாற்றில் எவ்வளவு தெரிந்தால் போதும்

ஒரு பின்னேரம் போதும். சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44 மார்ச் 15. ரோமர் அரசர்களைத் துரத்திவிட்டுக் குடியரசு அமைத்துச் சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தன, அரசன் என்ற பட்டமே அவர்களுக்கு வெறுப்பு. சீசர் உள்நாட்டுப் போரில் தன் எதிரி பொம்பேயை வென்று, அவன் பிள்ளைகளையும் வென்று, வாழ்நாள் முழுவதற்குமான சர்வாதிகாரப் பதவியையும் எடுத்துக்கொண்டான். அடுத்தது முடிதானா என்ற பயத்தில்தான் சதி பிறக்கிறது.

ஷேக்ஸ்பியர் இதை எடுத்தது பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டாக் எழுதிய வாழ்க்கை வரலாறுகளில் இருந்து. 1579இல் தோமஸ் நோர்த் அவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். எடுத்ததை எப்படி மடித்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். சீசரின் வெற்றி ஊர்வலம் கி.மு. 45 ஒக்டோபரில், லூபர்கால் திருவிழா அடுத்த பெப்ரவரியில் நடந்தன, நாடகத்தில் இரண்டும் ஒரே நாள். சதிகாரர் கடைசியில் தோற்ற பிலிப்பியில் ஏறக்குறைய மூன்று வார இடைவெளியில் நடந்த இரண்டு சண்டைகளும் நாடகத்தில் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. யாருக்கும் நின்று யோசிக்க அவகாசம் கிடைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. இந்த ஒரு குறிப்பைச் சரியாக எழுதினாலே "நாடகக் கட்டமைப்பு" பற்றிய கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

நாடகம் மேடையேறிய காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1599 செப்டெம்பரில் தோமஸ் பிளாற்றர் என்ற சுவிஸ் பயணி லண்டனில் சீசர் நாடகம் ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார், அது இதுவாகத்தான் இருக்கும் என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். அப்போது முதலாம் எலிசபெத்துக்கு 66 வயது, பிள்ளை இல்லை, வாரிசின் பெயரைச் சொல்லவும் மறுத்துக்கொண்டிருந்தார். "ஆள்கிறவர் போனபிறகு என்ன?" என்ற கேள்வி அந்தச் சபையில் இருந்த எல்லோர் மனதிலும் இருந்திருக்கும்.

முதல் வாசிப்பு: நிறுத்தாமல், சத்தமாக

பாத்திரங்களைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். அகராதியைத் தொட வேண்டாம், விளங்காத வரியை விட்டுவிட்டுப் போங்கள். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இதன் மொழி ஓரளவு நேரானது, சிலேடை குறைவு, இரண்டு மூன்று அமர்வில் முடித்துவிடலாம். ஆங்கிலம் கடினம் என்றால் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் யாராவது ஒருவர் கதையைத் தமிழில் சொல்லட்டும், அப்புறம் மூலத்தை வாசியுங்கள். கதை தெரிந்தபின் வாசித்தால் சுவை போய்விடும் என்று பயப்பட வேண்டாம், கோவலன் கூத்துப் பார்க்கப் போகிறவர்கள் முடிவு தெரியாமலா விடிய விடிய இருக்கிறார்கள்?

முதல் வாசிப்பு முடிந்ததும் கொப்பியில் நாலு பத்தி (நிரல்) கீறுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், எதைக் காட்டி நம்பவைக்கிறார், கேட்டவர் என்ன செய்தார். இனி ஒவ்வொரு காட்சியையும் இதற்குள் போடுங்கள். எல்லாவற்றுக்கும் சம நேரம் கொடுக்கத் தேவையில்லை, நின்று பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன்.

பேராசைக்குச் சாட்சி எங்கே?

முதல் அங்கம், இரண்டாம் காட்சி. சீசருக்கு முடி கொடுக்கப்படுவதை நாங்கள் பார்ப்பதே இல்லை. மேடைக்கு வெளியே சனம் ஆரவாரிப்பது மட்டும் கேட்கிறது, அதைக் கேட்டுக்கொண்டே, சதியைத் தொடங்குகிற காசியஸ் புரூட்டஸின் காதில் பேசுகிறான். பிறகு, சதியில் சேரப்போகிற காஸ்கா வந்து, சீசரின் நண்பன் அன்ரனி மூன்று தரம் முடியை நீட்டினான், சீசர் மூன்று தரமும் தள்ளினான், ஆனால் எனக்கென்னவோ அவன் ஆசைப்பட்ட மாதிரித்தான் தெரிந்தது என்று சொல்கிறான். கடைசி வசனம் காஸ்காவின் அபிப்பிராயம், கண்ட செய்தி இல்லை. காசியஸ் சொல்வதையும் பாருங்கள்: தைபர் ஆற்றில் நீந்தும்போது சீசர் களைத்துப்போய் என்னைக் காப்பாற்று என்றான், ஸ்பெயினில் காய்ச்சலில் நடுங்கித் தண்ணீர் கேட்டான், இவனா எனக்கு மேலே? இது நாட்டைப் பற்றிய பயமா, பொறாமையா? குழுவில் இந்தக் கேள்வியைப் போட்டு விவாதிக்க விடுங்கள்.

"சீசர் பேராசைக்காரன்" என்று விடைத்தாளில் எழுதுமுன், அதற்கு நாடகத்துக்குள் கண்ணால் கண்ட சாட்சி எது என்று தேடிப்பாருங்கள். எனக்குப் படுவது இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சி. மனைவி கல்பூர்ணியாவின் கெட்ட கனவுக்காக வீட்டிலே நிற்கச் சம்மதித்த சீசர், சபை இன்றைக்கு முடி தரப்போகிறது, நீங்கள் வராவிட்டால் மனம் மாறிவிடும், மனைவியின் கனவுக்குப் பயந்தவர் என்று சிரிப்பார்கள் என்று சதிகாரன் டெசியஸ் சொன்னதும் மேலங்கியை எடுக்கச் சொல்கிறான். இழுத்தது முடியா, சிரிப்பார்கள் என்ற பயமா? இரண்டும் ஒரே பேச்சில் வருகின்றன, பிரிக்க முடியாதபடி. அதே காட்சியில், சீசரின் சிலையிலிருந்து இரத்தம் பாய்ந்தது என்ற கனவை அபசகுனம் என்று கல்பூர்ணியா சொல்ல, ரோம் முழுதும் உங்களிடமிருந்து உயிர் பெறும் என்று டெசியஸ் மாற்றிச் சொல்கிறான். கனவு ஒன்றுதான், பொருள் சொல்கிறவர் மாறினார், ஒரு உயிர் போனது.

தோட்டத்தில் தனியே: இந்த நாடகத்தின் நெஞ்சு

இரண்டாம் அங்கம், முதல் காட்சி. இதற்கு ஒரு முழு அமர்வு ஒதுக்குங்கள். புரூட்டஸின் தனிமொழி எப்படித் தொடங்குகிறது? சீசர் சாவதால்தான் முடியும் என்று. முடிவு முதல் வரியில் வந்துவிட்டது, காரணத்தைப் பிறகுதான் தேடுகிறான். எனக்கு அவனோடு சொந்தப் பகை இல்லை என்கிறான், அவன் உணர்ச்சி அறிவை வென்றதை நான் கண்டதில்லை என்று தானே ஒத்துக்கொள்கிறான். இப்போது அவன் செய்வதில் குற்றம் பிடிக்க முடியாது, ஆகவே இனிமேல் செய்யக்கூடியதை வைத்து வழக்கைக் கட்டுவோம், பாம்பின் முட்டை என்று நினைத்துக் ஓட்டுக்குள்ளேயே கொன்றுவிடுவோம் என்கிறான். ஒரு நேர்மையான மனிதன் தன்னைத்தானே நம்பவைக்கிறான். உங்கள் நாலு பத்தியில் "யார்", "யாரிடம்" இரண்டிலும் புரூட்டஸ் என்றே எழுத வேண்டிய இடம் இது.

உடனே கடிதம் வருகிறது. காசியஸ் வேறு வேறு கையெழுத்தில் எழுதி, பொதுமக்கள் எழுதியது போல வீசுவித்த கடிதங்களில் ஒன்று. "புரூட்டஸ், நீ உறங்குகிறாய், விழித்தெழு" என்று இருக்கிறது, பிறகு "ரோம்..." என்று தொடங்கி வசனம் முடியாமல் நிற்கிறது. மிச்சத்தைப் புரூட்டஸே நிரப்புகிறான், ரோம் ஒரு மனிதனுக்கு அடங்கி நிற்பதா என்று. பொய்க் கடிதம் எழுதியவன் பாதிதான் எழுதினான், மீதியை வாசித்தவன் எழுதிக்கொண்டான். யார் அனுப்பியது என்று தெரியாத செய்திகள் ஒரு நாளைக்கு எத்தனை நம் கைத்தொலைபேசிக்கு வருகின்றன, அவற்றின் இடைவெளிகளை நாமே எப்படி நிரப்புகிறோம் என்று பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள், இந்த இடம் தானாக விளங்கும்.

சதிகாரர் வந்தபின் புரூட்டஸ் எடுக்கும் முடிவுகளைத் தனியாக எழுதிவையுங்கள்: சத்தியம் வேண்டாம், பேச்சாளன் சிசரோவைச் சேர்க்க வேண்டாம், அன்ரனியைக் கொல்ல வேண்டாம். பிறகு மூன்றாம் அங்கத்தில், அன்ரனி பேசட்டும் என்கிறான். கடைசி இரண்டும் சதியைக் கவிழ்த்த முடிவுகள். இரண்டையும் காசியஸ் எதிர்த்தான், இரண்டிலும் புரூட்டஸின் நல்ல மனம்தான் வென்றது. புரூட்டஸின் மனைவி போர்சியா தன் தொடையில் தானே காயம் ஏற்படுத்தி, இரகசியம் தாங்கும் உறுதி எனக்கும் உண்டு என்று கேட்கிற பகுதியையும் விட்டுவிடாதீர்கள். இந்த நாடகத்தில் பெண்பாத்திரங்கள் இருவர்தான், இருவரும் சரியானதைத்தான் உணர்கிறார்கள்.

இரண்டு பேச்சுகள்

மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. ஒருவர் எழுந்து நின்று வாசிக்க, மற்றவர்கள் சனமாக மாறிப் பதில் சொல்லுங்கள், இருந்தபடி வாசித்தால் இதில் ஒன்றும் கிடைக்காது.

கொலையை நியாயப்படுத்திப் புரூட்டஸ் சனத்திடம் உரைநடையில் பேசுகிறான். சீசரை நான் குறைவாக நேசிக்கவில்லை, ரோமை அதிகம் நேசித்தேன் என்கிறான். ஒழுங்கான, சமநிலையான வசனங்கள். சனம் கைதட்டுகிறது, ஒருவன் கத்துகிறான்: "இவனையே சீசர் ஆக்குவோம்!" இங்கே வாசிப்பை நிறுத்துங்கள். ஒருவன் சீசர் ஆகிவிடக் கூடாது என்றுதான் கொலையே நடந்தது. புரூட்டஸ் சொன்ன ஒரு சொல்லும் அவர்களுக்குள் இறங்கவில்லை.

அன்ரனி செய்யுளில் பேசுகிறான், கையில் பொருட்களோடு வருகிறான். புரூட்டஸ் கண்ணியமான மனிதன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான், வசனம் மாறுவதில்லை, ஒவ்வொரு தரமும் அதன் முன்னால் வைக்கிற செய்தி மாறுவதால் பாராட்டு மெல்ல மெல்லக் குற்றச்சாட்டாகிறது. வாசிக்கிறவர் ஒவ்வொரு தரமும் எந்தத் தொனியில் சொல்ல வேண்டும் என்று குழுவாகத் தீர்மானியுங்கள். முதல் தரமே நக்கலாகச் சொன்னால் காட்சி செத்துவிடும், சனம் இன்னும் புரூட்டஸின் பக்கம்தானே.

அடுத்து சீசரின் உயில். இருக்கிறது என்று காட்டுகிறான், வாசிக்க மாட்டேன் என்கிறான். கீழே இறங்கிப் பிணத்தைச் சுற்றி எல்லோரையும் வட்டமாக நிற்கவைக்கிறான். சீசரின் மேலங்கியைத் தூக்கி, இது காசியஸின் கத்தி போன இடம், இது காஸ்கா கிழித்தது, இதுதான் புரூட்டஸ் குத்தியது என்று ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டுகிறான். முன்னைய காட்சிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்: கொலை நடக்குமுன்பே சதிகாரன் திரெபோனியஸ் அன்ரனியை வெளியே கூட்டிப்போய்விட்டான். எந்த ஓட்டை யாருடையது என்று அன்ரனிக்குத் தெரிய வழியே இல்லை! ஆனால் கேட்கிறவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்பதில்லை. வாசிக்கும்போது நாங்களும் கேட்பதில்லை, அதுதான் ஷேக்ஸ்பியரின் கெட்டித்தனம்.

சனம் வெறிகொண்டு ஓடத் தொடங்கியபின் அன்ரனியே கூப்பிட்டு நிறுத்துகிறான், உயிலை மறந்துவிட்டீர்களே என்று. ஆளுக்கு 75 திராக்மா, தைபர்க் கரையில் உலாவத் தோட்டங்கள்.

வன்னியில் இருந்து படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் கதை எங்களுக்குத் தெரியும். கண்ணகியும் நீதி கேட்டு ஒரு பொருளைத்தான் கொண்டுவருகிறாள். சிலம்பை உடைக்கிறாள், உள்ளே மாணிக்கம், பாண்டியன் அந்த இடத்திலேயே விழுகிறான், ஏனென்றால் சிலம்பு பொய் சொல்லாத சாட்சி. அன்ரனியின் மேலங்கி உண்மையான மேலங்கிதான், இரத்தமும் உண்மைதான், அதற்கு அவன் சொன்ன விளக்கம்தான் அவனாகச் சேர்த்தது. இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், எந்த உரைநூலிலும் கிடைக்காத விடை வரும்.

அதற்குப் பிறகு வருகிற இரண்டு சின்னக் காட்சிகள்

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி ஒரு பக்கம்தான். சின்னா என்ற கவிஞன் வீதியில் அகப்படுகிறான். பெயர் என்ன? சின்னா. சதிகாரரில் ஒருவனுக்கும் அதே பெயர். நான் கவிஞன் சின்னா, சதிகாரன் இல்லை என்று கெஞ்சுகிறான். அப்படியானால் கெட்ட கவிதை எழுதியதற்காகக் கிழித்துப்போடு என்கிறது கூட்டம். 1937இல் நியூயோர்க்கில் ஓர்சன் வெல்ஸ் இந்த நாடகத்தை பாசிச இத்தாலியின் உடைகளில் மேடையேற்றியபோது பார்த்தவர்களை அதிகம் உலுக்கியது இந்தக் காட்சிதான். எங்கள் பக்கம் இதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை, பெயரையும் அடையாள அட்டையையும் பார்த்து மனிதரின் விதி முடிவான காலம் தெரிந்த வீடுகள் இங்கே நிறைய. மெதுவாக வாசியுங்கள். யாராவது எழுந்து வெளியே போனால் ஏன் என்று கேட்க வேண்டாம்.

நாலாம் அங்கம், முதல் காட்சி. சதிகாரருக்கு எதிராகச் சேர்ந்த அன்ரனி, ஒக்ரேவியஸ், லெப்பிடஸ் மூவரும் யாரைக் கொல்வது என்று பட்டியல் போடுகிறார்கள். லெப்பிடஸ் தன் சகோதரனைக் கொடுக்கிறான், அன்ரனி தன் மருமகனுக்கு ஒரு புள்ளடி போடுகிறான். அதோடு இன்னொரு வசனம்: சீசரின் உயிலைக் கொண்டுவா, கொடுக்க வேண்டிய தொகையில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்போம். கொஞ்ச நேரத்துக்கு முன் சனத்தைப் பைத்தியமாக்கிய அதே உயில். பல பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள், சிவப்புப் பேனையால் கோடிடுங்கள்.

கூடாரச் சண்டையில் (நாலாம் அங்கம், மூன்றாம் காட்சி) ஒன்றை மட்டும் பிடியுங்கள். கீழ்த்தரமான வழியில் பணம் சேர்க்க எனக்கு முடியாது என்கிற புரூட்டஸ், பணம் அனுப்பவில்லை என்று காசியஸைத் திட்டுகிறான். காசியஸ் எந்த வழியில் சேர்க்கிறான் என்பது அவனுக்குத் தெரியும். ஐந்தாம் அங்கத்தை வேகமாகப் போகலாம். காசியஸின் ஏவலாள் பிந்தாரஸ் தூரத்தில் கண்டதைத் தவறாக விளங்கி, நண்பன் எதிரியிடம் பிடிபட்டான் என்று சொல்ல, அதை நம்பிக் காசியஸ் உயிரை விடுகிறான், நண்பன் உண்மையில் பிடிபடவே இல்லை. கடைசிவரை ஒரே விஷயம்தான்.

மேடையேற்றுவதாக இருந்தால்

முழு நாடகமும் வேண்டாம், மூன்றாம் அங்கம் போதும். நாற்புறமும் சனம் இருக்கிற வட்டக்களரியில் செய்தால் இன்னும் நல்லது, அன்ரனி கேட்கிற வட்டம் தானாக அமையும், பார்க்க வந்தவர்களே ரோமின் சனமாகிவிடுவார்கள். தொனியும் மெய்ப்பாடும் பற்றி யோசிக்க விபுலானந்த அடிகள் 1926இல் வெளியிட்ட மதங்கசூளாமணியைத் தேடிப் பாருங்கள், ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்துப் பார்த்த நூல் அது. கொலை முடிந்ததும் காசியஸ் சொல்வான், இந்தக் காட்சி இன்னும் பிறக்காத நாடுகளில், இன்னும் அறியாத மொழிகளில் எத்தனை காலம் நடிக்கப்படும் என்று. தன்சானியாவின் ஜூலியஸ் நியரேரே இதை சுவாகிலியில் மொழிபெயர்த்தார். உங்கள் பிள்ளைகள் தமிழில் அந்த வரியைச் சொல்லும்போது அவன் சொன்னது நடந்துகொண்டிருக்கும்.

விடை எழுதும்போது

"புரூட்டஸ் கண்ணியமானவனா?" என்ற மாதிரிக் கேள்விதான் பெரும்பாலும் வரும். ஆம், இல்லை என்று தொடங்காமல், அந்தப் பட்டத்தை அவனுக்கு யார் யார், எந்த நேரத்தில், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று உங்கள் நாலு பத்தியிலிருந்து எடுங்கள். காசியஸ் அவனைச் சதிக்குள் இழுக்கும்போது சொல்கிறான். பிறகு தனியே நின்று, இவ்வளவு கண்ணியமானவனையும் வளைக்கலாம் என்கிறான். அன்ரனி சனத்தின் முன் சொல்கிறான், அழிப்பதற்காக. கடைசியில் புரூட்டஸின் பிணத்தின் அருகே நின்று, ரோமரில் இவனே மிக உயர்ந்தவன், மற்றவர்கள் பொறாமையில் செய்ததை இவன் பொதுநன்மைக்காகச் செய்தான் என்று அதே அன்ரனி சொல்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி, ஒவ்வொரு பந்தியிலும் மூலத்திலிருந்து ஒரு வரி. கடைசிப் பந்தியில், ஓட்டைகளுக்குப் பெயர் சொன்ன அதே வாய் இப்போது சொல்வதை நீங்கள் நம்புகிறீர்களா, ஏன் என்று எழுதுங்கள், அந்த இடத்தில் புள்ளிகள் உங்கள் சொந்த நியாயத்துக்குத்தான்.